பிரிக்கக் கூடாத டேப்

என் தம்பி பெண்டாட்டி ஜெனிலாவுக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியதாழைக்காரி. காற்றுக்கும் அலைக்கும் மேலே கத்திப் பேசியே பழகிய ஊர் அது. அந்தக் குரலோடு தூத்துக்குடிக்கு வந்தாள். கம்ப்யூட்டர் படித்திருந்தாள், ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தோடு வேலை நின்றது. யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டால், யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், அதது தானாக நின்றுவிடும்.

நான் ஷெர்லின், அவள் புருஷன் பெனிஸ்டனுக்கு அக்கா. கீழ்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் அவர்கள். பெனிஸ்டன் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீஸர். பாதி வருஷம் கடல், பாதி வருஷம் வீடு. ஒரு லீவில் தான் விளையாடுவதற்கென்று பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மாடியில் வைத்தான். அவன் கப்பலேறியதும் ஜெனிலா அதில் கார் பந்தயம் ஓட்டிப் பழகினாள். விளையாடியதோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. விளையாடிக்கொண்டே வாயால் வர்ணிக்க ஆரம்பித்தாள், அதை யூட்யூபில் நேரலையாகவும் விட்டாள்.

“ஏலே மக்கா, அந்த மஞ்சக் காரைப் பாருங்க, சோழகக் காத்துல பாய் விரிச்ச வள்ளம் மாதிரி வாரான். இவன் பிரேக்கு பிடிக்க மாட்டான். செவுத்துல முட்டிட்டு அம்மையைக் கூப்பிடுவான் பாருங்க.”

அவள் சொன்னபடியே அவன் முட்டுவான். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நான் கூட மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்ப்பேன். தலைக்கு மேலே மாடியில் இருப்பவளைப் போனில் பார்ப்பது எனக்கே வேடிக்கையாக இருக்கும்.

ஒரே கம்ப்யூட்டரால் விளையாட்டையும் ஒளிபரப்பையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை. பழைய ஏஜென்சியில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். முதல் கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடும். அதன் படம் சோப்புப் பெட்டி அளவில் இருந்த கேப்சர் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஒரு குட்டை வயர் வழியாக இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வரும். அது ஊருக்கெல்லாம் அனுப்பும். எனக்கு இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

போன வருஷம் பெரிய ஆன்லைன் பந்தயம் ஒன்றை நடத்துகிறவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். தமிழில் வர்ணனை செய்ய நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், சில ஞாயிற்றுக்கிழமைகள் செய்து காட்டு, பிடித்திருந்தால் வேலை உனக்கு என்றார்கள். சம்பள வேலை, வீட்டிலிருந்தே. ஜெனிலா அன்று மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “மைனி, எனக்குன்னு ஒண்ணு வருது மைனி” என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போது பெனிஸ்டன் லீவில் இருந்தான். அவனும் சந்தோஷப்பட்டான். எல்லாருக்கும் முன்னால் சொன்னான், “அவ செய்யட்டும், நான் எதுக்குத் தடுக்கணும்?” அடடா, என்ன மாதிரி புருஷன் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஒரே ஒரு தடவைதான் அவன் முகம் மாறி நான் பார்த்தது. கப்பலில் சாப்பாட்டு மேஜையில் யாரோ இவள் வீடியோவைப் போட்டுவிட்டு, “இந்தா வாராரு ஜெனிலா மாப்பிள்ளை” என்று இவனைக் காட்டினார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

மாதா கோயில் திருவிழா முடிந்து அவன் புறப்படுகிற வாரம், கம்ப்யூட்டர் மேஜையில் உட்கார்ந்தான். பாம்புக் கூட்டம் போல் கிடந்த வயர்களையெல்லாம் எடுத்து, கப்பலில் கட்டுகிற மாதிரி வரிசையாகக் கட்டினான். படம் தண்ணீராக ஓடுகிறதா என்று எங்களை நிற்கவைத்து ஓட்டிக் காட்டினான். ஓடியது. மறுநாள் நானும் ஜெனிலாவும் பூசைக்குப் போய்விட்டு வருவதற்குள் கேப்சர் பெட்டியின் இரண்டு முனைகளிலும், அங்கிருந்து போகிற வயர் நெடுகவும் கறுப்பு ரப்பர் டேப் சுற்றியிருந்தான். கப்பலில் சுற்றுகிற டேப். சுற்றச் சுற்றத் தன்னோடு தானே ஒட்டி ஒரே கட்டியாகிவிடும்.

“இதை மட்டும் பிரிச்சிராத ஜெனி. பிரிச்சா உள்ள உப்பு ஏறிரும், அப்புறம் பெட்டியே போச்சு” என்றான்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் நாங்கள். வாங்கிய பிரிட்ஜ் முதுகு இற்று விழும், ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும். சுவிட்ச் போர்டுக்கு கிரீஸ் தடவுவோம், மோட்டார் வயருக்கு டேப் சுற்றுவோம், சுற்றிய டேப்பைச் சாமி படத்தைப் போல் தொடாமல் வைத்திருப்போம். வெளியூர்க்காரர்கள் ஒரு சாமான் கெட்டால் என்ன கோளாறு என்று பார்ப்பார்கள். நாங்கள் உப்புக்காற்று என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வோம்.

அவன் கப்பலேறினான். அந்த ஞாயிறே படம் வெட்டியது. கார் ஓடவில்லை, தத்தித் தத்திக் குதித்தது. வளைவில் திரும்புகிற காரைக் காணோம், அடுத்த நொடி சுவரோரம் நிற்கிறது. குரல் மட்டும் தெளிவாக வந்தது. பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள், “அக்கா, கண்ணு வலிக்குது.”

ஜெனிலா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் இன்டர்நெட். அனுப்பிய படத்தில் எதுவும் வழியில் தொலையவில்லை என்று திரையில் கணக்குக் காட்டியது. விளையாட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறதோ என்று விளையாட்டின் பகட்டையெல்லாம் குறைத்தாள். திரை ஒரு வேகத்திலும் பெட்டி ஒரு வேகத்திலும் ஓடினால் படம் தத்தும் என்று எங்கோ படித்து, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தாள். அனுப்புகிற கம்ப்யூட்டரின் பாரத்தைக் குறைத்தாள். சாப்பிடாமல் கிடந்தாள். நான் தோசையை மாடிக்குக் கொண்டுபோனால், தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பாள்.

“விளையாட்டுல படம் நல்லாயிருக்கு மைனி. அனுப்புறதுலயும் குறை இல்ல. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வந்து சேரும்போதே குறைஞ்சுதான் வருது. நடுவுலதான் என்னமோ.”

“ஏளா, நடுவுல என்ன இருக்கு?”

“பெட்டியும் வயரும்தான்.”

அவனிடம் போனில் கேட்டாள். பெனிஸ்டன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவன் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. இந்த செட்டிங்கை மாற்று, அதைக் கூட்டிப் பார், இதைக் குறைத்துப் பார் என்று கப்பலிலிருந்து மணிக்கணக்காகச் சொன்னான். “வயரா இருக்குமோ?” என்று இவள் கேட்டபோது, “வயரு நான் கட்டுனதுல்லா. அது கப்பல் கட்டு. கச்சான் காத்து அடிக்குது பாரு, கம்ப்யூட்டருக்குள்ள உப்பு இறங்கியிருக்கும். யாரையாவது கூப்பிட்டுச் சுத்தம் பண்ணச் சொல்லு” என்றான்.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜபாண்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே பச்சை பூத்திருந்த இடத்தைக் காட்டி, நோயாளி வீட்டாரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார். “உப்புத்தான் தாயி. நம்ம ஊரு லட்சணம்” என்றார். பிரஷ் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். கறுப்பு டேப்பைப் பார்த்துவிட்டு, “இது யாரு சுத்துனது? நல்ல வேலை” என்று தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். நானும்தான் தலையாட்டினேன். மூன்று பேர் நின்றோம், ஒருவர் கை கூட அதன் மேல் போகவில்லை.

கடைசி ஞாயிறும் படம் வெட்டியது. அன்று ஜெனிலா பேசியதை நான் வாசலில் நின்று கேட்டேன். தெரியாத காரையெல்லாம் கண்ணால் கண்டதுபோல் வர்ணித்தாள். குதிக்கிற படத்தை வாயாலேயே ஒட்டவைக்கப் பார்த்தாள். முடிந்து எழுந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது.

இரண்டு நாளில் பதில் வந்தது. குரல் அருமை, ஆனால் படத்தை நம்ப முடியவில்லை, மன்னிக்கவும். வேலை கோயம்புத்தூர்க்காரன் ஒருவனுக்குப் போனது. அவன் வர்ணனையை நான் கேட்டேன். செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. படம் மட்டும் சுத்தமாக ஓடியது.

அவள் அழவில்லை. எல்லாவற்றையும் கட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிடுகிறேன் என்றாள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேப்சர் பெட்டியை அதன் அட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமானால் வயரைக் கழற்ற வேண்டும், வயரைக் கழற்ற டேப்பை வெட்ட வேண்டும். “இனி உப்பு ஏறினா என்ன, ஏறாட்டி என்ன” என்று பிளேடை எடுத்து வெட்டினாள். கறுப்புக் கட்டி பிளந்தது. உள்ளேயிருந்து வயரின் தலை வெளியே வந்தது. அதில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று.

அந்தப் பொட்டு நான் வைத்தது. எங்கள் வீட்டில் என் போன் சார்ஜர் வயரை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அதன் ஒரு தலையில் அடையாளம் வைத்திருந்தேன். பெனிஸ்டன் புறப்பட்ட வாரம் அதைக் காணோம் என்று வீட்டையே புரட்டினேன். “இது என் சார்ஜர் வயருல்லா” என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். சொல்லி முடித்ததும் அதை அவளிடம் நீட்டினேன்.

ஜெனிலா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பெட்டியோட வந்த வயரு இது இல்ல மைனி. அது தடிமனா, குட்டையா இருக்கும். இது போனுக்குச் சார்ஜ் ஏத்துறது. பார்க்க ஒண்ணு போல இருக்கும், சொருகுனா சேரும். ஆனா அவ்வளவு படத்தையும் இது வேகமா கடத்தாது” என்றாள். பெரியதாழைக்காரியின் குரல் அவ்வளவு சன்னமாகி நான் கேட்டதே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ராஜபாண்டி அண்ணாச்சி கடைக்குப் போனாள். சரியான வயர் ஒன்றோடு வந்தாள். எல்லாவற்றையும் பழையபடி இணைத்தாள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பந்தயத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தெரியாமல் மாற்றிச் சொருகியிருப்பான் என்று என் மனசு ஒரு ஓரத்தில் அவனுக்கு வக்கீல் வேலை பார்த்தது. கூடப் பிறந்த புத்தி. ஆனால் கப்பல் முழுக்க வயர் கட்டுகிறவனுக்கா தெரியாது? ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றியவன் அவன்தானே. வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் அவளும் நேராகச் சண்டை போட்டிருப்பாள், ஜெயித்தும் இருப்பாள். அது தெரிந்துதான் அவன் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவன் வீடியோ காலில் வந்தான். ஜெனிலா என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். கேபினில் தெம்பாக உட்கார்ந்திருந்தான். பின்னால் ஆணியில் ஒரு நீலத் துண்டு தொங்கியது. வேலை கைவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டானாம்.

“விடு ஜெனி. உப்புக்காத்து ஊருல்லா, எந்தச் சாமான் நிக்குது? நீயும் எவ்வளவோ போராடிப் பார்த்த. இனிமே கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றான்.

ஜெனிலா அவன் முடிக்கும்வரை கேட்டாள்.

“டேப்பை வெட்டிட்டேன். அதுக்குள்ள மைனி சார்ஜர் வயரு இருந்துச்சு. என் பெட்டியோட வயரு உங்ககிட்டயா இருக்கு?”

அவன் வாய் லேசாகத் திறந்தபடி நின்றது. கண் ஒரு பக்கமாகப் பார்த்தபடி நின்றது. கை மோவாய்க்கு அருகே அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது, படம் உறைந்துவிட்டது என்று நினைத்து நான், “ஏலே பெனிஸ்டா, கேக்குதா?” என்றேன்.

ஜெனிலா கையை நீட்டித் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆணியில் தொங்கிய நீலத் துண்டு, கப்பல் உருள உருள, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் என் தம்பி இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

“படம் நல்லாத்தான் ஓடுது மைனி” என்றாள்.