பத்து சென்ட் இடமும் ஒரு வழியும்

அப்பா இறந்தபின், கேரள எல்லைக்குள் எருத்தேன்பதியில் இருந்த தென்னந்தோப்பு ஒரே மகளான எனக்கு வந்தது. அதில் ஒரு மரத்துக்குக்கூட நான் தண்ணீர் கட்டியதில்லை. கட்டியவர்கள் தோப்பின் நடுவில் குடிசை போட்டிருந்த கணவனும் மனைவியும். அந்தக் கணவனின் தகப்பனாரும் அதே குடிசையில் இருந்துகொண்டு அதே வேலையைத்தான் செய்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு அங்கேயே பத்து சென்ட் சொந்தம் என்று கேரளத்தில் சட்டம் வந்திருந்தது. ‘குடிகிடப்பு’ என்று ஊரெல்லாம் அதே பேச்சு. பெரியப்பா மகன் கோயமுத்தூரிலிருந்து மெனக்கெட்டு வந்தார்.

“அம்மிணி, அவங்க சர்க்காருக்கு எழுதிப் போடறதுக்கு முன்னால கையில எதாச்சும் குடுத்துக் காலி பண்ணச் சொல்லீரு. தோப்புக்கு நடுவால பாத்தியம் வந்துதுன்னா அப்புறம் விக்கவா முடியும்?”

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் பஸ் ஏறியதும் நேரே குடிசைக்குப் போனேன். அந்த அம்மாள் கீற்று முடைந்துகொண்டிருந்தாள்.

“இந்த எடத்தை நானே உங்களுக்குத் தானமா எழுதித் தந்தர்றேன்” என்றேன்.

முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கீற்றை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“தானம் வேண்டாமுங்க அம்மிணி.”

“ஏன்?”

“தானமுன்னா எங்க பசங்க காலத்துக்கும் உங்க ஊட்டு வாசல்ல கையைக் கட்டி நிக்கோணுமுங்க. சட்டத்துல எங்களுக்குன்னு இருக்குதாமா. அப்படியே வாங்கிக்கறமுங்க. நீங்க தடுக்காம இருந்தீங்கன்னாப் போதும்.”

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. தோப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இந்தத் தோப்பு வந்தபோது நான் யாருக்கு நன்றி சொன்னேன்? மகள் என்ற உரிமையில் வாங்கிக்கொண்டேன். அவளும் உரிமையில்தான் கேட்கிறாள். கோபம் அங்கேயே வடிந்துவிட்டது.

அவர்கள் மனுப் போட்டார்கள். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் நடந்த விசாரணைக்கு அவர்கள் இருவரும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்.

திரும்பும்போது எனக்கு வேறொரு கவலை. “எடம் வந்துரும். ரோட்டுக்கு வர வழி வேணுமே? வேலியோரமா ஒரு வண்டித்தடம் உட்டா வாங்கிக்குவீங்களா?”

அவள் கணவனைப் பார்த்தாள்; பிறகு என்னை.

“அது வாங்கிக்கலாமுங்க. நீங்களும் அதுலதான நடப்பீங்க.”

அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

பெரியப்பா மகன் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அதற்குள் அவர்கள் சுவர் எழுப்பி ஓடு போட்டார்கள். பால் காய்ச்சுவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து என்னை அழைத்தார்கள். சிறுவயதிலிருந்து குடிசைக்கு வெளியே நின்று பேசித்தான் எனக்குப் பழக்கம். அன்று உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவள் காப்பி கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“கூலி விசயம் ஒண்ணு பேசோணுமுங்க அம்மிணி. இப்பத்த வெலவாசிக்குக் கட்டுபடியாகலீங்க.”

“காப்பியைக் குடிச்சுட்டுப் பேசலாமா?” என்றேன்.

“நல்லாக் குடிங்க” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.