மாடித் தோட்டத்துக்குக் கொடுத்த மருந்து

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கும் ஜெயப்பிரியா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். பதினெட்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்து வந்த குணம் அது. பயிருக்கு நோவு என்று வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்தான் சொல்கிறார்கள். மூன்று மூட்டை யூரியாவைக் கொட்டிவிட்டு ஒன்று என்பார்கள். பக்கத்துக் கடையில் வாங்கி அடித்த களைக்கொல்லியைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். அதனால் அவள் ஆளை விட்டுவிட்டுச் செடியைத்தான் விசாரிப்பாள். "வேரோட புடுங்கிக்கினு வா, அப்புறம் பேசு" என்பது அவள் கடைச் சட்டம். இவளுக்குச் சாமியே நேரில் வந்தாலும் சந்தேகம்தான் என்று கடைத்தெரு கேலி பேசும். இலை வாடினால் அதே கடைத்தெரு அவளிடம்தான் ஓடிவரும்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை கன்னியப்பன் வந்தார். ஏரிக்கரை ஓரமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர், பழைய வாடிக்கை. வாசலிலேயே சத்தமாகப் பேசிக்கொண்டு நுழைகிற மனிதர், அன்று மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார். அதுவே அவளுக்கு உறுத்தியது. ஆள் நடமாட்டம் குறைந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே மஞ்சள் இலைகள், துண்டு துண்டாகக் கிழித்தவை.

"இன்னா பயிரு இது?"

"செண்டுமல்லிம்மா. அறுக்கிற நேரத்துல இப்படி மஞ்சளாவுது."

"செடி எங்க? எதுக்குக் கிழிச்சிக்கினு வந்தீங்க?"

"பையில அடங்கல."

செண்டுமல்லியை யாரும் அறுப்பதில்லை, பறிப்பார்கள். அவள் ஒரு துண்டைக் கசக்கி முகர்ந்தாள். செண்டுமல்லியின் நெடியே இல்லை. விரலில் பிசின் ஒட்டியது. ஓரமெல்லாம் ரம்பப் பல். இரண்டு வருஷத்துக்கு முன் போலீஸ்காரர்கள் உரக்கடைக்காரர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, இதே இலையைக் காட்டி, யாராவது கொண்டுவந்தால் சொல்லுங்கள் என்றிருந்தார்கள். கஞ்சா.

இத்தனை வயசுக்கு மேல் இந்த மனுஷனுக்கு ஏன் இந்தப் புத்தி? கோபம் கோபமாக வந்தது. ஒரு போன் போட்டால் போதும், போலீஸ் வந்துவிடும். பட்டா அவர் பேரில் இருக்கிறது, கம்பி எண்ணப் போவது அவர்தான். விட்டுவிட்டாலோ, கஞ்சாவுக்கு வைத்தியம் பார்த்தவள் என்று நாளைக்கு அவளையும் சேர்த்து இழுப்பார்கள். இன்னும் கொஞ்சம் வாயைக் கிளறிப் பார்க்கலாம் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேல் எலையா, கீழ் எலையா?"

"கீழதாம்மா. மேல பச்சையாத்தான் கீது. புள்ளி இல்ல, சுருட்டல் இல்ல."

அப்படியென்றால் நோவே இல்லை. அறுவடை நெருங்கும்போது அடியிலையின் சத்து பூவுக்குப் போகும், இலை பழுத்து உதிரும். எத்தனையோ பயிரில் அவள் பார்த்ததுதான்.

"இன்னா மருந்து ஊத்தினீங்க?"

பெரியவர் தயங்கித் தயங்கி ஒரு டப்பாவை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். சத்து மருந்து. மேலே நீல மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'மாடிக்கு. ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூடி.'

அது ஜெயப்பிரியாவின் எழுத்து. ஏக்கர் கணக்கில் எழுதியே பழகிய கை, பக்கெட் கணக்கில் எழுதிக் கொடுத்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவள் தம்பி தினேஷ்குமாருக்கு. மாடியில் தக்காளி வைத்திருக்கிறேன் அக்கா என்றான். ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று பூரித்துப்போய் எடுத்துக் கொடுத்தாள். நாலு மாதமாக ஒரு தக்காளிகூட அவள் வீட்டுக்கு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

"இத யாரு குடுத்தது?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரும்மா. கம்பெனி மூலிகையாம். எலையப் பார்த்தா வெளியாளுங்க வெதையத் தேடிக்கினு வந்துடுவாங்களாம். அதான் கிழிச்சிக்கினு வந்து பொய் சொன்னேன்." பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "உன் தம்பிதாம்மா. உன் தம்பின்னுதான் எழுத்து கிழுத்து இல்லாம நெலத்தக் குடுத்தேன். பயிரு வீணாப்பூட்டா உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் ஓடியாந்தேன்."

ஜெயப்பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது. கஞ்சா என்று தெரிந்தே பயிர் வைத்தவன் இதைப் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பட்டப்பகலில் பிரித்துக் காட்டுவானா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போனவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நைனா, இது மூலிகை இல்ல. கஞ்சா."

அவர் அப்படியே உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நெலம் என் பேர்லதான கீது!"

அவள் போனை எடுத்தாள். தம்பியின் பேர் முதலிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் பஸ் ஏறிவிடுவான், கிழவர் மட்டும் மாட்டுவார். விரல் அந்தப் பேர்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். போனை அணைத்துப் பையில் போட்டாள். இலையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஷட்டரை இழுத்தாள்.

"எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு. அவங்க ஒங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்ன நாம போயிடணும்."

"உன் தம்பிம்மா..."

"டப்பாவுல யாரு எழுத்துன்னு கேப்பாங்க நைனா. அத நான்தான் சொல்லணும். நடங்க."