இரண்டும் சிவப்பு

சர்வேயர் ராஜாராமிடம் நான் பதினோரு வருஷம் செயின்மேனாக இருந்தேன். உத்திரமேரூர் பிர்காவில் அவர் நடக்காத வரப்பு கிடையாது. பின்னால் அளவுச் சங்கிலியைச் சுமந்துகொண்டு நான் நடக்காததும் கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற இடத்தில் ஒரு சாண் கூடிவிட்டாலும் மண்வெட்டியைத் தூக்குவார்கள். அவர்கள் வாயையெல்லாம் கேட்டுக் கேட்டு மனுஷர் பேச்சையே குறைத்துவிட்டார். நாற்பத்து மூன்று வயதில் முழங்கால் போய்விட்டது. சாயங்காலம் ஆபீஸில் ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை மணி ஆகும்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, குட்டி விமானம். தக்கை மாதிரி லேசான பால்சா மரத்தைப் பட்டணத்திலிருந்து வாங்கிவந்து, சீவி, ஒட்டி, மேலே காகிதம் போர்த்திச் செய்வார். குட்டி எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றுவார். பறக்கவிடுவது இரண்டு கம்பியில். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் நிற்க, விமானம் அவரைச் சுற்றிவரும். அதோடு அவரும் சுற்ற வேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷம் அப்படிச் சுற்றும்போது தலை கிறுகிறுத்துக் கீழே விழுந்தார். பிரஷர் இருக்கிறது, இனிமேல் சுற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாள் பூரா நடந்துக்கினே கீறேன், வேதகிரி. ஒரு வாட்டியாவது நின்ன எடத்துல நின்னுக்கினு ஒண்ண பறக்க வுடணும்" என்றார் என்னிடம். அதற்கு, கம்பியில்லாமல் தூரத்திலிருந்தே ஓட்டுகிற ரேடியோ பெட்டி வேண்டும்.

அவர் மச்சான் எல்லப்பன் சிங்கப்பூரில் வேலையாக இருந்தான். லீவில் வரும்போது ஒரு செட் வாங்கிவரச் சொல்லலாம் என்று ஏற்பாடு. எந்த செட் என்று தேர்ந்தெடுக்கவே இரண்டு மாதம் பிடித்தது. பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு மத்தியான சோற்று வேளையெல்லாம் படித்தார். கையில் பிடிப்பது டிரான்ஸ்மிட்டர், விமானத்துக்குள் உட்காருவது ரிசீவர் என்று எனக்கும் பாடம் நடந்தது. நாலு வேலை செய்கிற செட் மேல் அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் இடம் வலம் திரும்ப ஒன்று, மேலே கீழே போக ஒன்று, இரண்டே போதும் என்று முடிவுக்கு வந்தார். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி வேண்டாம், நம்மூர் கரண்டை நம்ப முடியாது, கடைத்தெருவில் கிடைக்கிற பென்சில் பேட்டரிக் கட்டை போதும் என்றார்.

கடைசியாக நிறம். ஒவ்வொரு செட்டும் ஓர் அலையில் பேசும். எந்த அலை என்று தெரிய ஏரியலில் சின்னக் கலர் கொடி கட்டுவார்கள். ஒரே கலர் செட் இரண்டை ஒரே இடத்தில் போட்டால் விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் குழம்பிப்போகும். மாமனார் பச்சமுத்து ஒரு மாப்பிள்ளைக்கு மட்டும் எதுவும் வாங்க விடமாட்டார் என்பது சாருக்குத் தெரியும். அதனால், 'எனக்குச் சிவப்பு, சேட்டுவுக்கும் வாங்கினால் அவசியம் மஞ்சள்' என்று அடிக்கோடு போட்டு எழுதினார். சேட்டு இளைய மாப்பிள்ளை, ஐயங்கார்குளத்துக்காரர்.

மாமனார் வீடு மானாம்பதியில். மகன் எல்லப்பனுக்கு எழுதுகிற எந்தக் கடுதாசியும் பச்சமுத்து பார்க்காமல் சிங்கப்பூருக்குப் போகாது. முந்திய தீபாவளிக்குக் கொடுத்ததில் ஒரு மாப்பிள்ளை வாட்ச்சில் தேதி காட்டியது, இன்னொருவர் வாட்ச்சில் காட்டவில்லை. அதற்காகச் சின்ன மகள் ஆறு மாதம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பட்டது போதாதா? மஞ்சளை அடித்துவிட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எழுதவைத்துவிட்டார். வந்து சேர்ந்த இரண்டும் சிவப்பு.

சார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார். பரிசாகக் கொடுத்ததைக் குறை சொல்ல முடியுமா? ஐயங்கார்குளம் எட்டாத தூரம்தானே, பரவாயில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். புது விமானத்துக்கு எட்டு மாதம் உழைத்தார்.

வைகாசியில் ஏரி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாள் குறித்தார். யார் சொன்னார்களோ, பச்சமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே சேட்டு, மடியில் அவருடைய பெட்டி. இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டுமாம். சார் சேட்டுவைத் தனியாகக் கூப்பிட்டு, என் விமானம் இறங்குகிற வரைக்கும் பெட்டியைத் திறக்காதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். சேட்டு நல்ல மனுஷர், சரி என்றார்.

எஞ்சின் பிடித்தது. நான் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வீசினேன். அது ஏறியது. மதகு வரை போய்ச் சாவகாசமாகத் திரும்பியது. சார் கால் அசையவில்லை, கட்டை விரல் மட்டும் அசைந்தது. பதினோரு வருஷத்தில் அந்த முகத்தில் அசதியில்லாமல் நான் பார்த்தது அந்த இரண்டு நிமிஷம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்களுக்குப் பின்னால் பச்சமுத்துவின் குரல் கேட்டது. "பெரிய மாப்ள போடச்சொல்லோ நீ கைய கட்டிக்கினு நின்னா பாக்கறவன் இன்னா சொல்வான்? நீயும் போடு, மாப்ளே."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சேட்டு ஏரியலை இழுத்துவிட்டிருந்தார். தன்னிடம் விமானமே இல்லையே, வெறும் பெட்டியைப் போட்டால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ. மேலே விமானம் உதறியது. ஒரு பக்கம் சாய்ந்து, மூக்கைக் குத்திக்கொண்டு தரையில் வந்து மோதியது. இறக்கை தனியாகத் தெறித்தது.

சேட்டு முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். "அண்ணே, நான் திருப்பனேன், அதுவும் திரும்பிச்சி. பாத்தீங்களா?"

சார் பார்த்தேன் என்று தலையாட்டினார். ப்ளேன் போனால் போகிறது, பெட்டி இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது என்று பச்சமுத்து ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செயின்மேன் ஆத்திரப்பட்டு என்ன செய்ய? உடைசலைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன்.

மறுநாள் மானாம்பதியில் ஒரு பாகப் பிரிவினைக்கு அளந்துகொண்டிருந்தோம். சங்கிலியை நீட்டியபடியே, "மாமனார்கிட்ட வெவரத்த சொல்லி மஞ்சளா மாத்திக்கினா இன்னா, சார்?" என்றேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"சொன்னா மாத்திக் குடுப்பாரு, வேதகிரி" என்றார். "ரெண்டையுமே மஞ்சளா மாத்திக் குடுப்பாரு."