அம்மா வாசலில் நிற்காத ஞாயிறு

போன வாரம் பதுளையில் நான் வந்த த்ரீவீல் நின்றுவிட்டது. ஓட்டி வந்த தம்பி என்னை ஒரு பேட்டரிக் கடை முன்னால் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். பேட்டரித் தண்ணியின் வாசம் மூக்கை அரித்தது. மற்றவர்களுக்குப் பழைய நாட்கள் பூ வாசத்தில் வரும். எனக்கு வாய்த்தது ஆசிட் வாசம், என்ன செய்வது.

நாங்கள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்போது லயத்துக்குக் கரண்டு கிடையாது. கொழும்பில் வேலை பார்த்த மாமா கொடுத்த கறுப்பு வெள்ளை டிவி எங்கள் வீட்டில் லாரி பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். கதாநாயகி தீப்பெட்டி அளவாகிவிடுவாள். அப்போது அப்பா பேட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, சார்ஜ் போட ஹாலிஎலவுக்கு இறங்குவார்.

ஞாயிறு சாயங்காலம் ஒரு தமிழ் நாடகம் வரும். அதில் ஒருத்தி காலையில் புருஷனோடு சண்டை போடுகிறாள். அவன் சாப்பிடாமல் வெளியே போகிறான். போனவன் திரும்பவில்லை. வாராவாரம் அவள் வாசலில் நின்றாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து காத்திருந்தோம். மறுநாள் கொழுந்து பறிக்கும்போதும் அதே பேச்சுதான்.

“அன்னிக்கு ஒரு வார்த்தை கொறைச்சுப் பேசியிருந்தா அவன் போயிருப்பானா?” என்பாள் அம்மா.

“அவன் செத்துட்டான், எனக்குத் தெரியும்” என்று பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை. அவன் திரும்பி வர மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகவும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அம்மாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கடையில் பருப்புச் சுற்றிக் கொடுக்கும் தாளில் தொடர்கதைப் பக்கம் இருந்தால் அதை நீவி நீவிப் படிப்பேன். கிணற்றடியில் ஒருத்தியின் பின்னால் நிழல் நெருங்கும். அதோடு தாள் முடிந்துவிடும். அந்த நிழலுக்குப் பயந்து நான் பள்ளிக்கூடத்துக் குழாயடிக்குக்கூடத் தனியாகப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலைந்து நாளாக விடாத மழை. பேட்டரி இறங்கியிருந்தது. மழை விடட்டும் என்றார் அப்பா. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னிக்கு அவன் வந்தாலும் வந்துருவான். நீங்க எதுக்குத்தான் ஒதவுனீங்க?” என்றாள். அப்பா தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மத்தியானம் பார்வதி அக்கா ஓடி வந்தார். “ஹாலிஎல ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். ஆளு மாட்டியிருக்காம்.”

அம்மா வாசல்வரை வந்தாள். நெருப்பை மிதித்ததுபோல் பின்னால் போனாள். நான் எட்டிப் பார்க்கப் போனதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“வாசல்ல நிக்காத.”

“ஏம்மா?”

“அவ நின்னாளே. நின்னு என்ன ஆச்சு?”

அதன் பிறகு அம்மா செய்ததெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. நாடகத்தில் அவள் புருஷனுக்குச் சோற்றை மூடி வைத்திருந்தாள். அம்மா அப்பாவின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்தாள். அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்வதி அக்கா கண்ணைத் துடைத்தபோது, “அழுவுறதா இருந்தா ஒங்க வீட்டுல போய் அழுவுங்க” என்றாள். அவளுடைய கை மட்டும் அடுப்பு மேட்டைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. இந்தக் காத்திருப்பும் நாடகத்தைப்போல வாரக்கணக்கில் இழுக்கும் என்று நினைத்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகள் அசைந்தன. ரோடு அடைபட்டதால் மலையைச் சுற்றி ஏறி வந்திருந்தார் அப்பா. இடுப்புவரை சேறு, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம், தோளில் சாக்கு. மண்ணில் மாட்டிய லாரி டிரைவரை உயிரோடு எடுத்துவிட்டார்கள் என்றார்.

“அந்தச் சனியன எறிஞ்சிட்டு வந்திருக்கலாம்ல?” என்றாள் அம்மா.

“எப்படி எறியிறது? அவன் வருவானா மாட்டானான்னு தவிச்சுக்கிட்டு இருந்தியே.”

அம்மா தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

அன்று ராத்திரியே டிவியும் பேட்டரியும் பார்வதி அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. அம்மா அந்த நாடகத்தை அதன்பின் பார்க்கவில்லை, என்னையும் விடவில்லை. மலையில் கொழுந்து பறிக்கும்போது யாராவது பேச்செடுத்தால், “எங்கிட்ட சொல்லாதீங்க” என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவாள். ஞாயிறுதோறும் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்கும். பிறகு பெண்கள் எல்லோரும் ஒன்றாக அமைதியாவது கேட்கும். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நகத்தைக் கடிப்பேன்.

சரிவு ஆபத்தானது என்று பிற்பாடு லயத்தைக் காலி செய்தார்கள். இப்போது அங்கே புல்தான் நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள், பார்வதி அக்காவும் போய்விட்டார். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போன மற்றப் பெண்கள் எங்கே இருக்கிறார்களோ. என் மகள் ஒரு தொடரை ஒரே லீவில் முடித்துவிட்டு முடிவையும் சொல்லிவிடுகிறாள். நானும் அந்த நாடகத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். பெயர்கூட நினைவில் இல்லாமல் எதைத் தேடுவது? அவன் வீடு திரும்பினானா என்று கேட்க இப்போது எனக்கு ஆளில்லை.