சின்ன மானிட்டரை வாங்கி வந்துவிட்டேன்

தாளில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். எழுதப் படிக்கப் பழகி ஒரு வருடம்தான் ஆகிறது. வரிகள் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து பார்த்துக் கழுத்து வலி. இப்படியே போனால் வேலையை விட்டுவிடுவேன் என்கிறாள்.

இன்று காலையில், "மாமா, சித்தூர் போறீங்கல்ல, இருபத்தேழு இஞ்சு மானிட்டர் ஒண்ணு வாங்கியாங்க" என்றாள்.

இந்தச் சித்தூர் மலையாளப் பக்கத்து ஊர். கடையில் எல்லா மானிட்டரிலும் அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எழுத்தைப் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் மலையாளச் செய்தி ஒன்றைப் போட்டார்.

"எனக்குத் தமிழ்தானுங்க படிக்க வரும்."

சிரித்துக்கொண்டே தமிழ் போட்டார். பெரியதில் மெய்யெழுத்தின் புள்ளிகள் ஈரத்தில் வைத்ததுபோல் கலங்கித் தெரிந்தன. பக்கத்தில் இருந்த இருபத்துநான்கு இஞ்சில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக நின்றது. சந்தோஷத்தில் ஒரு பக்கம் முழுக்க வாசித்துவிட்டேன்.

"மொதல்ல பெருசுன்னீங்க?" என்றார் கடைக்காரர்.

"எழுத்து தெளிவா இல்லாமத்தானுங்க புள்ள குனியறா. சின்னதையே கட்டுங்க."

பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். அவள் பார்ப்பதெல்லாம் அகல அகலமான கணக்குத் தாள்கள். முழுதாகத் தெரியட்டும் என்றுதான் பெரியது கேட்டாளோ என்னவோ.

இப்போது அவள் அறைக்குள் மீட்டிங்கில் இருக்கிறாள். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

சின்ன மானிட்டர் வைத்துக் கழுத்து நேரானவர்கள் யாராவது இருந்தால், அவள் வெளியே வருமுன் சொல்லுங்கள். நான் படித்து முடிக்க நேரமாகும், ஒரே வரியில் சொன்னால் போதும்.