ஓட்டைக் கிண்ணத்தில் இறங்கிய பசை

அடியில் சின்ன ஓட்டை போட்ட பித்தளைக் கிண்ணம் அது. பசையைச் சோதிக்கும் லேப் அம்மா அந்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, நான் கொண்டுபோன பசையை விளிம்புவரை ஊற்றுவார். விரலை எடுத்ததும் பசை நூலாக இறங்கும். நூல் அறுபட எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். சீக்கிரம் அறுந்தால் பசை தண்ணி. இழுத்துக்கொண்டே போனால் கெட்டி.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் செருப்புக்குப் பசை தயாரிக்கும் கம்பெனி. ரப்பரைக் கரைப்பானில் போட்டுக் கலக்கும் ஷெட்டில் நான் ஒருவன்தான். நெடிக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். வியாசர்பாடியில் நான் தங்கியிருந்த அறையிலும் பேச்சுத்துணை கிடையாது. கம்பெனி முழுக்க லேப் அம்மா ஒருவர்தான் பெண். மத்தியானச் சோற்றைத் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிடுவார். பசை இறங்கும்போது பேசக் கூடாது. லேப் ஜன்னலுக்கு வெளியே நானும் உள்ளே அவருமாக அந்த நூலையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நாட்களில் இன்னொரு மனிதரோடு சேர்ந்து நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஒரு மழைநாளில் சாரல் அடிக்கிறதென்று ஷெட்டின் கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தேன். கலக்கும் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் கரைப்பான் ஆவி கசிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் பசையை எடுத்துப்போய்க் கொடுத்தபோது, “இன்னாம்மா, உங்க கிண்ணம் ஆடுது” என்று சிரித்தேனாம். சிரித்துக்கொண்டே திரும்பிப் போனேனாம்.

காலையில் சரியாக ஓடிய பசை இப்போது ஓட்டையில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ரப்பர் தானாக அதிகமாகாது, கரைப்பான்தான் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது முழுக்க ஆவியாகி அந்த மூடிய ஷெட்டுக்குள் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மழையில் ஓடிவந்தார். வாட்ச்மேன் பிற்பாடு சொன்னார்: “முந்தானைய மூஞ்சில சுத்திகினு அந்தம்மா உள்ள பூந்துட்ச்சிப்பா. நான் வர்றதுக்குள்ள உன் கால புட்ச்சி இழுத்துகினு கீது.”

அரசு ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். மறுநாள் மாலை, ரொட்டி வாங்கிக்கொண்டு அவர் வந்தார்.

“வூட்லர்ந்து யாரும் வரலியா?”

“யாரும் இல்லம்மா.”

“எனக்குந்தான்” என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து விரட்டும்வரை இருந்தார். பேசியது கொஞ்சம்தான். தான் ராயபுரம் என்றும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதோடு சரி என்றும் சொன்னார்.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினேன். லேப் ஜன்னலில் வேறொருவர் நின்றார். “அந்தம்மா வேலைய வுட்டுட்டாங்க” என்றார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே பசை டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ராயபுரம் மாதா கோயில் வாசலில், பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னையே கவனித்துவிட்டு, “யாரத் தேட்ற நைனா? பேரு இன்னா சொல்லு, எனக்கு எல்லாரையும் தெரியும்” என்றாள்.

லேப் அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் அதையே சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. கூட்டம் கலைந்து, வாசல் காலியாகிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன்.