வெள்ளையடித்த கல்

மழைக்காலம் முடிந்தால் பாண்டுப் மலையடிவாரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆளுயரத்துக்குப் புல் நிற்கும். எண்பதுகளின் நடுவில் அந்த வழியாக ரோடு வரப்போவதாகச் சொன்னார்கள். பெயர் தெரிந்த கல்லறைகளில் உள்ள எலும்புகளை மட்டும் எடுத்துப் புது இடத்தில் அடக்கம் செய்வதென்று தாராவியில் எங்கள் சபையார் முடிவு செய்தார்கள். பெயர்களை எழுத உபதேசியார் போனார். புல்லறுக்கவும் கல் துடைக்கவும் நான். தோல் கிடங்கு வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்த நேரம். எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. ஐந்தாம் வகுப்புத் தமிழ் மட்டும் கூடவே வந்தது.

தேய்ந்த எழுத்தைப் படிக்க நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். மாட்டுங்காவில் கோலமாவு வாங்கி, கல்லில் தூவி, உள்ளங்கையால் வழித்துவிட்டால் பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

"கல்லறையில கோலம் போடுத கிறிஸ்தவன் நீ ஒருத்தன்தாம்ல," என்பார் உபதேசியார்.

ஒருநாள், எங்கள் சந்தில் இட்லி விற்கும் அக்காவும் கூட வந்தார். கையில் சுண்ணாம்பு வாளி. வேப்பமரத்தடியில் ஒரு கல்லைக் காட்டினார். கல்லறைத் திருநாள் தவறாமல் வந்து வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்துகிற கல். சுண்ணாம்பு ஏறி ஏறி எழுத்தே மறைந்திருந்தது.

"இதுதான் எங்க வீட்டுக்காரரு. எழுதிக்கோங்க. நாளைக்கு நானும் இவரு பக்கத்துலதான் படுக்கணும்."

உபதேசியார் பேனாவைத் திறந்துவிட்டார். நான்தான் விடவில்லை.

"இரும், எழுத்தப் பாத்துருவோம்."

என் வித்தையைக் காட்டும் ஆசை. அரிவாள் நுனியால் சுண்ணாம்பைச் சுரண்டி, மாவைத் தூவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். ஒரு பெண்குழந்தையின் பெயர். வயது மூன்று.

"இன்னொருக்கா வாசி," என்றார் அக்கா. வாசித்தேன்.

"அவரு செத்தப்ப ஊர்ச் சங்கத்துக்காரங்க கல்லு வைக்கோம்னு சொன்னாங்க. ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தேன், கல்லு இருந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது, அவருன்னே நெனச்சேன்."

சுற்றிலும் புல்லுக்கடியில் கல்லில்லாத மண்மேடுகள்தான். எதில் அவர் கிடக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? உபதேசியார் பேனாவை மூடினார். நான் மாவுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். நான் வாயை மூடியிருந்தால் அக்காவின் புருஷன் அங்கேயே இருந்திருப்பார்.

அக்கா வாளியை இழுத்து, நான் சுரண்டிய இடத்தில் மறுபடி சுண்ணாம்பு அடித்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் வரலியே. எழுதுங்க உபதேசியாரே. சொந்தம் நான்தான்னு போடுங்க."

அதன்பிறகு அவர் கடைப்பக்கம் நான் போகவில்லை. சாக்கடையைத் தாண்டிச் சுற்றுவழியில் நடந்தேன். ஆனால் எலும்பு எடுக்கிற அன்று குழி தோண்டியது நான்தான். பிள்ளையின் எலும்புகள் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கிவிட்டன. அக்கா ஒரு தகரச் சம்படத்தை என்னிடம் நீட்டினார்.

"அவருக்கு இதுல மண்ணு அள்ளு."

"எங்கேருந்துக்கா?"

"எங்க அள்ளுனா என்ன? இதுக்குள்ளதான கெடக்காரு."

புல்லை விலக்கி அள்ளினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நெறயப் போடுல," என்றார். "நல்ல உசரமான ஆளு அவரு."